அடைக்காமல் விட்ட ஓட்டை

என் வீட்டுக்காரருக்கு ஓட்டை என்றாலே ஆகாது. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலையே அதுதான். காற்றுக் குழாய்களில் எங்கே 'உஸ்' என்று சத்தம் வருகிறது என்று காதை வைத்துக் கேட்பார். சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். நுரை பொங்கினால் அங்கே அடையாளத்துக்கு ஒரு சிவப்பு டேக்கைக் கட்டி, அடைத்துவிட்டுத்தான் நகர்வார். லீக்கு என்றால் காற்றை அழுத்தும் மோட்டாருக்குக் கரண்டு வீண், கரண்டு வீண் என்றால் பாவம். வீட்டில் குழாய் சொட்டினால்கூட மனுஷனுக்குத் தூக்கம் வராது.

நான் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒயர் கட்டும் லைனில் நின்றவள். நின்று நின்று குதிகால் போனதுதான் மிச்சம். வேலையை விட்டுவிட்டு மொட்டை மாடியில் ஒரு சோலார் உலர்த்தி வைத்தேன். ஆள் உயரப் பெட்டி. சுற்றிலும் வெயில் இறங்குகிற பிளாஸ்டிக் தகடு, உள்ளே வலைத் தட்டுகள், காற்று நுழையக் கீழே ஓட்டை, வெளியேற உச்சியில் ஓட்டை. அதில் முருங்கைக் கீரையைக் காயவைத்தேன். காய ரெண்டு நாள் ஆனது, அதற்குள் இலை மஞ்சளடித்துப் போனது.

காஞ்சிபுரத்தில் கீரைப் பொடி விற்கும் கடைக்கார அம்மா ஒருவர், இலை பச்சை மாறாமல் காய்ந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்கிறேன் என்றிருந்தார். பழைய கம்பெனி லைன் சூப்பர்வைசரோ, திரும்பி வருவதென்றால் திங்கட்கிழமை வந்துவிடு, இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று போனில் சொல்லிவிட்டார். மறுபடி அந்த லைனில் போய் நிற்பதை நினைத்தாலே கை தானாகக் குதிகாலைத் தேய்க்கப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டு நிறைய இலையைப் பரப்பிவிட்டுச் சமைக்க இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது. போய்ப் பார்த்தால் இவர் ஃபோம் டேப்பும் கத்திரிக்கோலுமாக நிற்கிறார். உலர்த்தியின் உச்சி ஓட்டையில் ஒரு சிவப்பு டேக் தொங்குகிறது. கீழ் ஓட்டையில் இன்னொன்று.

"இன்னாங்க பண்றீங்க?"

"கைய வெச்சுப் பாரு. எவ்ளோ சூடு வெளிய ஓடுது! மொத்த வெயிலும் வீணா போய்க்கினு கீது."

வைத்துப் பார்த்தேன். நிஜமாகவே சூடாக இருந்தது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெட்டியின் தரைக்குத் தெர்மாகோல் போட்டார், ஓட்டைகளை அடைத்தார், கதவைச் சுற்றி டேப் ஒட்டினார். வெப்பமானி முள் அதுவரை போகாத இடத்துக்குப் போனது. நான் கையே தட்டிவிட்டேன். முள்ளைப் படம் பிடித்துக் கடைக்கார அம்மாவுக்கு அனுப்பி, நாளைக்கே வாங்கம்மா என்றும் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் கதவைத் திறந்தேன். இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே தகடு முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், அது இலை மேலேயே சொட்டுகிறது. இலை கறுத்து, குழைந்து, வலையோடு ஒட்டிக்கிடந்தது. தாளித்துக் கொட்டினால் சோற்றில் பிசைந்து சாப்பிடலாம்.

"யோவ்! இன்னாயா பண்ணி வெச்சிருக்க?"

கல்யாணமான நாளிலிருந்து 'இன்னாங்க' தவிர வேறு வார்த்தை அவரிடம் என் வாயில் வந்ததில்லை. பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தென்காசியிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் வாயைப் பார்த்து எனக்கே அதிர்ச்சி. அவரோ அது காதில் விழாதவர் போல, ஓடிப்போய் சோப்பு நுரையை எடுத்துவந்து உச்சி ஓட்டையில் தடவிக்கொண்டிருந்தார்.

"லீக்கே இல்லியே," என்றார்.

"கீரையில இருந்த தண்ணியெல்லாம் எங்கயா போவும்? உன் பாக்கெட்டுக்குள்ளயா?"

நுரை தொட்ட விரல் அப்படியே நின்றது. மெல்லத் திரும்பி, சொட்டுகிற தகட்டைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஆத்திரம் ஒரு பக்கம், பாவமாக ஒரு பக்கம். திங்கட்கிழமை பஸ் ஏறுவதுதான் கதி என்று உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்துத் தட்டுகளைக் கொட்ட எடுத்தேன். கதவின் கீல் பக்கமாக விரலில் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தால் பச்சை இலை! பறித்த நிறம் மாறாமல், தொட்டால் பொடியாகிற இலை. அடுத்த தட்டிலும் அதே ஓரத்தில் ஒரு வரிசை. எல்லாத் தட்டிலும் அப்படியே. கையைக் காட்டினேன். அவர் வந்து கீல் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தார். மேலிருந்து கீழ்வரை அங்கே மட்டும் டேப் இல்லை. கீழே காற்று உள்ளே போகிறது, மேலே ஈரமாக வெளியே வருகிறது.

"டேப்பு பத்தல," என்றார் தணிந்த குரலில்.

தேறியது ரெண்டு கைப்பிடி. டப்பாவில் போட்டு மூடி வைத்தேன்.

மறுநாள் காலை கடைக்கார அம்மா வந்து உட்கார்ந்த நேரத்தில் தெருமுனையில் என் பழைய கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அந்த அம்மா டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார், முகர்ந்தார், வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பஸ் இன்னொரு தரம் ஹாரன் அடித்தது. என் கண் செருப்பின் மேல் போனது.

"மஞ்சளே இல்லியேம்மா. அதுவும் ஒரே நாள்லயா? இன்னா பண்ண?"

நான் திரும்பிப் பார்த்தேன். செகண்ட் ஷிப்ட் என்பதால் வீட்டுக்காரர் சுவரோரம் நின்றிருந்தார். விடிந்ததும் மாடிக்குப் போய் ஃபோமையெல்லாம் பிய்த்துப் போட்டதில் விரலெல்லாம் பசை.

"லீக்கு விட்டோங்க," என்றார். "காலைல முழுசா விடணும். இலை ஈரம் வத்துனப்புறம் பாதி மூடிக்கலாம், சூடும் வீணாவாது."

அந்த வார்த்தையை அவர் முகம் சுளிக்காமல் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். கடைக்கார அம்மா டப்பாவை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் எவ்வளவு தருவாய் என்று கேட்டார். பஸ் போய்விட்டிருந்தது.