நூலகத்தில் ஒரு காய்-பழம் ஞாயிறு

நூலகர் வேலை என்றால் காலமெல்லாம் "சத்தம் போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பது. அதே வாயால் இருபத்திரண்டு குழந்தைகளை நானே வரவழைத்தேன். மூன்று வயசுப் பிள்ளையோடு பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காமல் போய்வந்த யாருக்கும் என் பாடு புரியும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் வேங்கிக்காலில் ஒரு சின்ன நூலகத்தில் இருந்தேன். அங்கே காலியாகக் கிடந்த பக்கத்து அறையில் பழைய பேப்பர் கட்டுகளை அடுக்கப் போகிறார்கள் என்றார்கள். எனக்கு அதில் வாண்டுகளுக்குக் கதை சொல்ல ஆசை. "ஒரு ஞாயித்துக்கிழமை நடத்திக் காட்டுங்க. கூட்டம் வந்தா ரூம் உங்களுக்கு, வரலைன்னா பேப்பருக்கு" என்றார் மேலதிகாரி. அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை. முதல் கதை நட்பைப் பற்றித்தான் என்று வீடு போய்ச் சேருவதற்குள் முடிவே செய்துவிட்டேன்.

தேதி குறித்த லட்சணம்

ஐம்பது நோட்டீஸ் ஜெராக்ஸ் எடுத்தேன். ரேஷன் கடை, பால் பூத், கலெக்டர் ஆபீஸ் எதிர் டீக்கடை என்று ஒரு சுவரை விடாமல் ஒட்டிவிட்டு வந்தேன். உதவியாளர் சாந்திக்குச் சொந்த ஊர் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை. நோட்டீசை ஒரு தரம் பார்த்தாள், தினசரிக் காலண்டரை ஒரு தரம் பார்த்தாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், அரசு விடுமுறைப் பட்டியலை மட்டும் பார்த்துத் தேதி குறித்திருந்தேன்!

"மேடம், அன்னைக்குப் பௌர்ணமி. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க. எங்க ஊரு ஜனம் பூரா கிரிவலப் பாதையில மோர் வித்துக்கினு இருக்கும். உங்க கதைக்கு சாமிதான் வரணும்."

ஒத்திகை

ஐம்பது நோட்டீசிலும் பேனாவால் அடுத்த ஞாயிறு என்று திருத்திவிட்டு, கதையில் இறங்கினேன். அணில் தன் கொய்யாப்பழத்தை ஆட்டுக்குட்டிக்குக் கொடுக்கிறது, இருவரும் நண்பர்களாகிறார்கள். கிழிந்த சாக்ஸில் பட்டன் தைத்து அணிலும் தயார். சாந்தியின் மூன்று வயசு மகள் யாழினியை உட்காரவைத்துச் சொல்லிக் காட்டினேன். எனக்கே கண் கலங்கியது. அவள் அணிலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடு ஏன் அதோட பழத்தைத் துன்னுது? அடிங்க அதை!"

சாந்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொய்யாப்பழத்தைத் தூக்கிப் போட்டேன். இவர்களுக்குத் தெரிந்த நட்பு எது? சண்டை வந்தால் காய், சமாதானமானால் பழம். அதுதான் கதை! ஆட்டுக்குட்டி தெரியாமல் வாலை மிதித்துவிடுகிறது, அணில் காய் விடுகிறது, பிறகு பழம் விடுமா? உற்சாகத்தில் சாந்தியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

வருகைப் பதிவேடு

நூலகத்துக்குள் வருகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர் வந்ததாகவே மேலிடத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த ஞாயிறு வாசலில் செருப்புகள் குவிந்தன, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பேனா பிடிக்கத் தெரியாத கூட்டத்தை எப்படிப் பதிவது? சட்டென்று ரப்பர் ஸ்டாம்ப் மையை எடுத்து இருபத்திரண்டு பெருவிரல்களையும் பதியவைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் சுவர், பாய், சாக்ஸ் அணில், என் புடவை எல்லாம் ஊதா. ஓர் அம்மா மகனின் விரலை முந்தானையால் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"நாலெழுத்துப் படிக்கட்டும்னு லைப்ரரிக்குக் கூட்டியாந்தா, மூணு வயசுலயே கைநாட்டு வெக்க வெச்சிட்டீங்களே மேடம்!"

கதை நின்ற இடம்

கதை சூடு பிடித்தது. அணில் காய் விட்டதும் இருபத்திரண்டு பேரும் ஆட்டுக்குட்டிக்குக் காய் விட்டார்கள். ஒருத்தி அழுதாள். அந்த நேரம் பார்த்து மேலதிகாரி வாசலில் வந்து நின்றார். சாக்ஸ் அணிலும் கையுமாக எழுந்து நின்றேன், கதை பாதியில் நின்றது. அறை முழுக்கக் கூச்சல்.

அதே சமயம் ஹாலில் துரைசாமி சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஓய்வு பெற்ற சர்வேயர். பக்கத்தில் யாராவது பேப்பரைச் சத்தமாகப் புரட்டினாலே முறைப்பவர். தீர்ந்தது, பேப்பர் கட்டுகளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். "குழந்தைங்க சத்தம் தொந்தரவா இருக்குங்களா சார்?" என்று மேலதிகாரி அவரிடம் பணிவாகக் கேட்டார்.

"தொந்தரவு நீங்கதாங்க! உங்களாலதான் கதை பாதியில நின்னு போச்சு. அந்த அணிலு பழம் விட்டுச்சா இல்லியான்னு அந்தம்மாவை மொதல்ல சொல்லச் சொல்லுங்க."

மேலதிகாரி பாயில் உட்கார்ந்தார், அணில் பழம் விட்டது, அறையும் எங்களுக்கே நிலைத்தது. மூன்று வயசுக்காரர்களை அமைதியாக உட்காரவைக்கும் வித்தை எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அறுபது வயசுக்காரர்களுக்கு ஓர் அணில் போதும் என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.