பம்பரிலிருந்து கழன்ற ஒயர்

மெர்யா ஹைக்கினென் பின்லாந்தில் எங்கள் கயானி நகரத்துப் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் நெடுங்காலமாகக் கஞ்சியும் மீன் சூப்பும் காய்ச்சி வருபவர். கணவர் இறந்தபின் தனியாக வாழ்கிறார். எங்கள் குடியிருப்பில் யாருடைய வண்டியாவது குளிரில் கிளம்ப மறுத்தால், பேட்டரி ஒயருடன் முதலில் இறங்கி வருபவர் அவரே. அத்தகைய உதவியின்போது இங்கே எவரும் பெயர் கேட்பதில்லை. பேட்டரி சற்று உயிர்பெறும் வரை, உதவி பெறுபவர் உதவுபவரின் வண்டியில் கதகதப்பாக அமர்ந்திருப்பார். கடுங்குளிரில் அதை மறுப்பது, நீட்டிய கையைத் தட்டிவிடுவது போன்ற அவமதிப்பு.

சென்ற ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் வேலை முடிந்து நீச்சல்குளத்துக்குச் சென்றார். விளக்குத் தூணை ஒட்டிய இடங்கள் நிரம்பியிருந்ததால், பின்பக்க வேலியோரம் வண்டியை நிறுத்தினார். முன்பக்க பம்பரில் இருக்கும் எஞ்சின் ஹீட்டர் துளையில் ஒயரைச் செருகி, மறுமுனையை வேலியோரத்து மின்பெட்டியில் மாட்டினார். அது பழைய டீசல் வண்டி. ஹீட்டர் இன்றி அந்தக் குளிரில் அசையாது.

நீந்தி, சௌனா என்னும் வெந்நீராவி அறையில் வியர்த்து அவர் வெளியே வந்தபோது மாலை நான்குகூட ஆகவில்லை. ஆயினும் நன்றாக இருட்டிவிட்டிருந்தது. பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தேழு டிகிரி. தொப்பிக்கு வெளியே நீண்டிருந்த ஈரமுடி நடக்கும்போதே விறைத்தது. வண்டிக்குள் ஏறிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இரண்டு முறை முனகி ஓய்ந்தது. இறங்கி முன்பக்கம் சென்று பார்த்தார். ஒயர் பம்பரிலிருந்து கழன்று பனியில் கிடந்தது.

"சரியாச் செருகல போல" என்று மனத்துக்குள் தம்மையே நொந்துகொண்டு நிமிர்ந்தார். வண்டியின் பின்புறம் ஓர் ஆள் நின்றிருந்தான். நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் அவனுடைய சாம்பல்நிற வேன் புகை கக்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, கிளம்ப மாட்டேங்குதா?"

"ஆமாப்பா. கிழட்டு வண்டி."

"ஒயர் கழண்டா அப்படித்தான். தலையெல்லாம் ஈரமா இருக்கே! வேன்ல ஏறி உக்காருங்க, உள்ள நல்லா சூடா இருக்கு. நான் பாத்துக்குறேன்."

மெர்யாவின் கால்கள் வேனை நோக்கி இரண்டடி எடுத்துவைத்துவிட்டன. வாழ்நாள் பழக்கம் அது. அப்போதுதான் அந்தச் சொல் அவரைத் தைத்தது. ஒயர் கழன்றதை இவன் எவ்வாறு அறிந்தான்? பம்பர் வேலியைப் பார்த்தபடி இருந்தது. அவன் நின்ற இடத்திலிருந்து வண்டியின் பின்புறம் மட்டுமே தெரியும். அவர் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. மேலும், வண்டியைச் சுற்றியிருந்த புதுப்பனியில் அவருடைய காலடிகளைத் தவிர வேறொரு பெரிய காலடித் தடமும் பம்பர்வரை போய்த் திரும்பியிருந்தது.

ஓடலாமா? முழங்கால் வலி ஓடவிடாது. வண்டிக்குள் புகுந்து பூட்டிக்கொண்டால், கிளம்பாத வண்டிக்குள் ஈரத்தலையோடு எவ்வளவு நேரம் தாங்கமுடியும்? வெளிச்சமும் ஆட்களும் இருந்த ஒரே இடம் நீச்சல்குளத்து வாசல். அதற்கும் அவருக்கும் இடையே இரண்டு வரிசை வண்டிகள் நின்றன.

"செல்ஃபோனை லாக்கர்லயே விட்டுட்டேன். எடுத்துட்டு வந்துடறேன்" என்றார். குரல் நடுங்காதபடி பார்த்துக்கொண்டார்.

"அதுக்கென்னக்கா, அப்புறம் எடுத்துக்கலாம். முதல்ல உக்காருங்க."

"இல்லப்பா, மக கூப்பிடுவா."

அவருக்கு மகள் கிடையாது. வண்டிகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய சந்துகளைத் தவிர்த்து, நடுவழியாக நடந்தார். பின்னால் பனி நொறுங்கும் ஓசை கேட்டது. அவர் விரைந்தால் அதுவும் விரைந்தது.

"அக்கா, சாவியையாவது குடுத்துட்டுப் போங்க! என்ன பயம்? நான் என்ன கடிச்சா வைப்பேன்?" என்று சிரித்தான் அவன். சிரிப்பு வெகு அருகில் கேட்டது.

பொது இடத்தில் குரலை உயர்த்துவது எங்கள் ஊரில் பைத்தியக்காரச் செயல். மெர்யா தம் வாழ்நாளில் அதைச் செய்ததில்லை. வாசற்கதவு திறந்து, சௌனாத் தோழி எய்லா வெளியே வந்ததைக் கண்டதும் அவர் அலறினார்:

"எய்லா! இந்தாள் என் பின்னாடி வர்றான்! உள்ள இருக்கறவங்களக் கூப்பிடு!"

எய்லா கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "யார்க்கோ! சீக்கிரம் வா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். பின்னால் கேட்ட காலடிகள் நின்றன, திரும்பின, ஓடின. நீச்சல்குளக் காவலர் யார்க்கோ டார்ச்சுடன் வெளியே வந்தபோது, வேன் விளக்கைப் போடாமலே சாலையில் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் எண் பலகை உறைபனியால் மூடிக் கிடந்தது.

போலீசார் வந்து காலடித் தடங்களைப் படமெடுத்தனர். "உதவி பண்ண வந்த ஆளா இருந்தா, ஏங்க விளக்கு போடாம ஓடணும்?" என்றார் யார்க்கோ. அந்த ஆள் இன்றுவரை அகப்படவில்லை.

யார்க்கோ தம் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து டீசல் எஞ்சினை உயிர்ப்பித்தார். மெர்யா ஸ்டியரிங் முன் அமர்ந்தார். ஜன்னல் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி, இதுவரை எவரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"எய்லா, வீடு வரைக்கும் என் பின்னாடியே வர்றியா?"

"கேக்கவே வேணாம்டி. ஊரே கேக்கற மாதிரி கத்தினவ, இப்ப என்ன முணுமுணுக்குற?" என்றாள் எய்லா.

வழியில் முதல் சிக்னலுக்குச் சற்று முன்னே, இருவர் வண்டிகளுக்கும் நடுவே வேறொரு வண்டி புகுந்தது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் தெரிந்த விளக்குகளின் உயரம் மாறியதை மெர்யா உடனே உணர்ந்தார். பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி, கதவுகளின் பூட்டை மீண்டும் அழுத்திப் பார்த்து, அந்த வண்டி தம்மைக் கடந்து போகும்வரை காத்திருந்தார். பிறகு எய்லாவின் வண்டி பின்னால் வந்து நின்றது. அவள் முகத்தைக் கண்ணால் கண்ட பின்னரே அவர் வண்டியை நகர்த்தினார்.