இரண்டு பேர் சுற்றிய கலவை மிஷின்

எங்கள் பள்ளிக்கூடத்து சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கலவை மிஷின் கிடந்தது. புது வகுப்பறைகளைக் கட்டிய கான்ட்ராக்டர் வேலை முடிந்ததும் அதை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு இரும்புச் சக்கரம், பக்கவாட்டில் ஒரு நீளமான கைப்பிடி, கல்யாண வீட்டு அண்டா அளவுக்கு ஒரு டிரம். கரண்டு வேண்டாம், டீசல் வேண்டாம், கையால் சுற்றுவது. டிரம்முக்குள் பழைய கான்கிரீட் காய்ந்து பாறையாகிவிட்டதால், இரும்புக்காகக்கூட யாரும் அதைத் திருடவில்லை. ஏழெட்டு வருஷம் நான் அதைத் தாண்டித்தான் போய் வந்தேன். அது எனக்குத் தேவைப்படும் என்று நினைத்ததேயில்லை.

நான் அங்கே கணக்கு டீச்சர். என் சிநேகிதி பி.டி. டீச்சர். எழுபதுகளின் நடுவில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு அந்த எண்ணமும் இல்லை. ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு மாடி அறையைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். பள்ளியில் ஒருவரையொருவர் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவோம், "ங்க" போட்டுப் பேசுவோம். அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் வாடி, போடி. இப்படி ஒன்பது வருஷம்.

அந்த வீட்டுக்காரருக்கு வெள்ளைக்காரர்கள் வரும் சீசனில் எங்கள் அறையின் மேல் கண். கார்த்திகை பிறந்தால் ஏதாவது சாக்குச் சொல்லிக் காலி செய்யச் சொல்வார். ஒரு வருஷம் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு சக ஆசிரியை வீட்டில் பத்து நாள் இருந்தோம். திரும்பி வந்த அன்று அவள்தான் சொன்னாள்.

"நமக்குன்னு ஒரு இடம் வேணும்டி. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வீடு. நடுவுல ஒரு கிணறு. சுவரே வேணாம்."

ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் அப்போது கலெக்டர் ஆபீஸ் கிடையாது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைந்த கொல்லைகளை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு மனைகளை வாங்கினோம். கிணற்றைச் சரியாக எல்லைக் கோட்டின்மேல் வெட்டினோம், பாதி என் பக்கம், பாதி அவள் பக்கம். முதலில் என் வீட்டைக் கட்டுவது, இரண்டு பேரும் அதில் இருந்துகொண்டு அவளுடையதைத் தொடங்குவது என்று ஏற்பாடு. அந்த ஏற்பாடும் அவளுடையதுதான்.

மேஸ்திரி இரண்டு அறைக்குச் சுவர் எழுப்பி, கூரைத் தளத்தையும் போட்டுவிட்டு, பெரிய வேலை ஒன்று கிடைத்ததும் போய்விட்டார். வாசல் படி இல்லை, சமையல் மேடை இல்லை, துவைக்கிற மேடை இல்லை, கிணற்றைச் சுற்றித் தளம் இல்லை. நான்கு முறை போய்க் கூப்பிட்டேன்.

"அரை மூட்டை கலவைக்கெல்லாம் ஆளு வராது டீச்சர். எல்லாம் சேரட்டும், ஒரேயடியா பாத்துக்கலாம்" என்றார். ஒரேயடியாக என்ன சேர வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

நாங்களே மண்வெட்டியால் தரையில் கலந்து முதல் படியைப் போட்டுப் பார்த்தோம். ஒரு பக்கம் சிமெண்டு ஜாஸ்தி, ஒரு பக்கம் வெறும் ஜல்லி. ஒரு வாரத்தில் மூலை உதிர்ந்தது. அதைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டே அவள், "ஷெட்டுக்குப் பின்னால கெடக்குதே, அந்த மிஷின்?" என்றாள்.

தலைமை ஆசிரியை உடனே சம்மதித்தார். "எடுத்துட்டுப் போங்க, எனக்கு இடம் காலியாகும். பதிலுக்குக் குழாயடியில பிள்ளைங்க வழுக்கி விழாம ஒரு தளம் போட்டுக் குடுங்க."

மாசி மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் டிரம்மைச் செதுக்கினோம். உளியும் சுத்தியலுமாக ஒருத்தி தலையை உள்ளே விட்டு அடிப்பாள். இன்னொருத்தி வெளியிலிருந்து டிரம்மை அசையாமல் பிடித்துக்கொள்வாள். உள்ளே அடிக்கிற சத்தத்தில் காது அடைத்துப் போகும். வெளியே வரும்போது புருவம், இமையெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சிரிப்போம். பல் சக்கரத்தில் மூன்று பல் உடைந்திருந்தது. மாட்டு வண்டியில் ஏற்றிப் போளூர் ரோட்டு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா டீச்சர், இது பொம்பளைங்க சுத்துற மிஷினா?"

அவள் கைப்பிடியைப் பிடித்து வெறும் டிரம்மை இருபது சுற்று விடாமல் சுற்றிக் காட்டினாள். அவர் உடனே சக்கரத்துக்குப் புதுப் பல் வைத்துக் கொடுத்தார்.

முதலில் குழாயடித் தளம். அதில்தான் வேலை கற்றோம். சிமெண்டை முதலில் கொட்டினால் டிரம்மின் அடியில் அப்பிக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர், பாதி ஜல்லி, பிறகு சிமெண்டு, மணல், மிச்ச ஜல்லி என்று போட்டால் உருண்டு வரும். தண்ணீர் அதிகமானால் ஊற்ற வசதியாக இருக்கும், ஆனால் காய்ந்தபின் வலு இருக்காது. சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்ற விகிதம் என் பொறுப்பு. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அளவுப் பெட்டி செய்திருந்தேன். சுற்றுவது இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, ஒரே கைப்பிடியில். அவள் கிரவுண்டில் பிள்ளைகளுக்கு எண்ணுகிற மாதிரி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவாள். முப்பது வந்ததும் டிரம்மைக் கவிழ்ப்போம். உடனே ஒரு கூடை ஜல்லியும் தண்ணீரும் போட்டுச் சுற்றிக் கழுவிவிட வேண்டும். பத்து நிமிஷம் தாமதித்தால் மறுபடி உளியை எடுக்க வேண்டியதுதான்.

தளத்தைப் பார்க்க வந்த தலைமை ஆசிரியை அவளிடம், "நீங்க போனப்புறம் இதை யாரு சுத்தப் போறா?" என்று கேட்டார். மிஷினை வேங்கிக்காலுக்குக் கொண்டுபோவதைச் சொல்கிறார் என்று நினைத்து, "நாங்கதான் சுத்துவோம்" என்றேன். அவள் குனிந்து கொத்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பங்குனியும் சித்திரையும் வேங்கிக்காலில் வேலை ஓடியது. படிகள் போட்டோம். சமையல் மேடை போட்டதும் வாடகை அறையைக் காலி செய்துவிட்டுக் குடிவந்தோம். துவைக்கிற மேடைக்குச் சரிவு வைத்தோம். ஈரச் சாக்கைப் போட்டு மூடி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினோம். என் வாசல் படி குறுகல் என்று அவளுக்குக் குறை. "என்னுதுல இன்னும் ஒரு சாண் அகலமா போடலாம். சாயங்காலம் ரெண்டு பேரு உக்கார வசதியா இருக்கும்" என்றாள். ஒருநாள் சவுக்குக் குச்சியை எடுத்துத் தன் மனையில் கோடு கிழித்து, இங்கே சமையல், இங்கே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே மலை என்று காட்டினாள். நான் அந்தக் கோட்டுக்குள் நின்று மலை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது.

வைகாசியில் ஒரு ஞாயிறு. அவள் கீழ்பென்னாத்தூரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த மாதங்களில் அடிக்கடி போனாள். நான் கிணற்றடியில் சாக்கு நனைத்துக்கொண்டிருந்தபோது, ஐம்பது வயதுக்காரர் ஒருவர் டேப்பும் நூல்கண்டுமாக வந்து அவள் மனையில் முளை அடிக்கத் தொடங்கினார். வேறு மனை என்று நினைத்துத் தப்பாக வந்துவிட்டார் போல என்று எழுந்து போனேன்.

"இது எங்க டீச்சரோட இடங்க."

"தெரியுமே. அவங்ககிட்ட இருந்துதான் வாங்கினேன். போன மாசமே ரிஜிஸ்டர் ஆயிடுச்சு" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாதானே இருக்கீங்க?" என்று கேட்டார்.

நான் தெரியும் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் நிம்மதியாகி, "அந்த மிஷின நம்ம வேலைக்கும் எடுத்துக்கலாம்னாங்க. உங்க வேலை முடியட்டும், அவசரமில்ல" என்றார்.

மாலை பஸ்ஸில் அவள் வந்தாள். பையைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிட்டேன்.

"இடத்த வித்துட்டியா?"

"யாரு சொன்னா?"

"வாங்கினவரே வந்து அளந்துட்டுப் போறாரு."

அவள் சமையல் மேடைமேல் சாய்ந்து நின்றாள். பிறகு, "ஆனியில கல்யாணம்" என்றாள். "அக்கா வீட்டுக்காரருக்குச் சொந்தம். பொண்டாட்டி செத்து மூணு வருஷம் ஆவுது, ரெண்டு பொண்ணுங்க. தை மாசமே பேசி முடிச்சிட்டாங்க. டிரான்ஸ்பரும் கெடச்சிருச்சு."

"தை மாசமா? நாம மிஷின எடுத்ததே மாசியிலதானே?"

அவள் பையைத் தூக்கி மேடைமேல் வைத்தாள்.

"அப்ப, தெரிஞ்சேதான் என்கூட சுத்துனியா?"

"சொல்லியிருந்தா நீ வீட்ட அப்படியே போட்டுட்டு வாடகை ரூமுக்குப் போயிருப்படி. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? உன் வீட்ட முடிச்சுக் குடுத்துட்டுப் போவணும்னு நெனச்சேன்."

"நான் உன்கிட்ட வீடா கேட்டேன்?"

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. "ஸ்கூல்ல யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஹெச்.எம்.முக்கு. டிரான்ஸ்பருக்குக் கையெழுத்து வாங்கணும் இல்ல?"

"வேற?"

"ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும். நானே உன்கிட்ட சொல்றேன், நீங்க யாரும் சொல்லிடாதீங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன்."

அவள் கல்யாணம் செய்துகொள்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வந்து சொல்லியிருந்தால் நானே புடவை எடுக்கப் போயிருப்பேன். என்னால் தாங்க முடியாமல் போனது அந்தச் சவுக்குக் குச்சிக் கோடு. விற்கப் பேசிவிட்ட மண்ணில் எனக்காகச் சமையலறையும் ஜன்னலும் வரைந்து காட்டினாளே, அது எதற்கு? பேசாமல் இருந்திருக்கலாமே. பொய் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். அவள் ஒரு சாண் அகலம் வரை கணக்குச் சொன்னாள். நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே யார் காப்பியடித்தது என்று கண்டுபிடிக்கிறவள். இரண்டு மாதத்துக்கு மேல் எதிரே நின்று ஒரே கைப்பிடியைச் சுற்றியவளின் முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாளே தன் பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணத்தன்று ஸ்டாஃப் எல்லோரும் வேன் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போனார்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். வேன் போயிருக்கும் என்று தோன்றிய நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடலாம் என்று மிஷினிடம் போனேன். வழக்கமான அளவைக் கொட்டிவிட்டுச் சுற்றினால் கைப்பிடி பாதி தூரம் ஏறி நின்றது. தோளைக் கொடுத்து முட்டினேன். நகரவில்லை. விட்டதும் வேகமாகத் திரும்பி வந்து முழங்கையில் அடித்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் அழுதேன். ஆனால் டிரம்முக்குள் சிமெண்டு காத்திருக்காது. எழுந்து முக்கால்வாசியைத் தகரத்தில் வாரிக் கொட்டிவிட்டு, மிச்சத்தைத் தனியாகச் சுற்றினேன். கால் பங்கு, கால் பங்காக நான்கு முறை. மூடி முடிய மத்தியானம் ஆனது. அது கொஞ்சம் கோணல்தான்.

ஆடி கழிந்ததும் புது மனைக்காரர் வீட்டு வேலையைத் தொடங்கினார். நல்ல மனிதர். ஆனால் வயசுப் பெண் இருக்கிற வீடு, எல்லைச் சுவர் வேண்டும் என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். கிணற்றுக்கு மேலே குறுக்காக ஒரு கான்கிரீட் உத்திரம், அதன்மேல் சுவர். அந்தப் பக்கம் ஒரு ராட்டினம், இந்தப் பக்கம் ஒரு ராட்டினம். மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவருடைய ஆட்கள் சிமெண்டை முதலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார்கள். கலவை கஞ்சி மாதிரி வந்தது. கிணற்றுக்கு மேல் நிற்கப்போகிற உத்திரம். கொஞ்ச நேரம் பார்த்துப் பொறுக்க முடியாமல் பேனாவை மூடிவிட்டு வெளியே போனேன்.

"அதக் கொட்டிடுங்க. முதல்ல ஜல்லி போடணும். தண்ணி கம்மியா ஊத்துங்க."

அவர்கள் முதலாளியைப் பார்த்தார்கள். அவர், "டீச்சரம்மா சொல்ற மாதிரி செய்யுங்கப்பா" என்றார். அளவுப் பெட்டியைக் கொண்டுவந்து நான் நின்று போட்டுக் கொடுத்தேன். ஆள் போதாமல் ஒரு சித்தாள் பெண்ணோடு எதிரே நின்று கைப்பிடியையும் சுற்றினேன். அவளுக்கு எண்ணத் தெரியவில்லை. நான் எண்ணினேன். சாயங்காலத்துக்குள் எங்கள் கிணறு இரண்டாகிவிட்டது. மிஷினை அவரே வைத்துக்கொண்டார். பிறகு அந்தத் தெருவில் கட்டிய நாலைந்து வீடுகளுக்கு அது போய் வந்தது.

அவள் கடிதங்கள் எழுதினாள். படித்தேன், பதில் போடவில்லை. இரண்டு வருஷம் கழித்து தீபத்துக்குக் கணவரோடும் சின்னப் பெண்ணோடும் வந்தாள். அந்தக் குழந்தை அவள் முந்தானையை விடவேயில்லை. அவர் சாதுவான மனிதர். கூட்டம் சேர்வதற்குள் கோயிலுக்குப் போய் வருவதாகக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். வேண்டுமென்றேதான் போனார் என்று நினைக்கிறேன். அவள் சமையல் மேடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் கோவம் போவலியாடி?" என்றாள்.

"காபி ஆறிடும், குடி" என்றேன்.

குடித்தாள். வேறு என்னவோ பேசினோம், பள்ளிக்கூடத்து விஷயங்கள். அவர்கள் திரும்பி வந்ததும் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டு வரை வாயேன் என்று கூப்பிட்டாள். வீட்டைப் பூட்ட முடியாது, சாவி சரியில்லை என்று சொன்னேன். அவள் பூட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், சரி என்று போய்விட்டாள். அவ்வளவு கூட்டத்தில் கைக்குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணோடு அவர்களுக்கு பஸ் கிடைத்ததோ இல்லையோ என்று ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். கடிதம் எழுதிக் கேட்கவில்லை.