வெள்ளிக்கிழமைக்கு வேண்டிய கட்டை

என்னைக் கட்டிய மாப்பிள்ளையின் காதைக் கெடுத்தது கடல் அல்ல, எஞ்சின். இருபது வருஷத்துக்கு மேல் வள்ளத்தின் பின்பக்கம் அந்தச் சனியனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருநாள் கோயில் மணி அடித்தபோது, "இன்னும் அடிக்கல்லியா?" என்று கேட்டார். அவ்வளவுதான், முடிந்தது.

எங்கள் பங்குக் கோயிலில் நடந்த முகாமில் காது மிஷின் ஒன்று சும்மா கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. சட்டைப் பையில் கிடக்கும். அதிலிருந்து வயர் காதுக்கு ஏறும். உள்ளே ஒரு பென்சில் பேட்டரி. எங்கள் ஊரில் அதைக் கட்டை என்போம். மிஷின் சும்மா வந்தது, கட்டை சும்மா வரவில்லை. கொடுத்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாரத்துக்கு ஒரு கட்டை யார் வாங்கிப் போடுவது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவனும் யோசிக்கவில்லை.

கட்டை தீரும்போது எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ கரையில நின்னு பேசிட்டிருக்க. நான் வள்ளத்துல போயிட்டிருக்கேன். அப்படி இருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம், இப்போது எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று நினைப்பேன். நடு மத்தியானத்தில் கரண்டு போய், பேன் நின்று, வீடு முழுக்க அலைச் சத்தம் மட்டும் நிறைந்து கிடக்கும். அதுவும் அவருக்குக் கேட்காது. கண் எதிரே இருக்கிற மனிதன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருப்பார்.

எங்கள் மகள் அப்போது குவைத்தில் நர்ஸ். அவளுக்கு லீவு வெள்ளிக்கிழமை. வெள்ளி சாயங்காலம் நாலு மணிக்குப் போன் வரும். நான்தான் பேசுவேன். பேசி முடித்ததும் இவர் காதில் கத்துவேன்: "நல்லா இருக்காளாம்! சாப்பிட்டாளாம்!"

பொய். அவள் அங்கே போய் இறங்கிய மாதத்திலிருந்தே அழுதுகொண்டிருந்தாள். வார்டில் திட்டு, அறையில் நாலு பேர், தூக்கமில்லை, அம்மா நான் வந்திடட்டா என்று அழுவாள். ரெண்டு வருஷக் காண்டிராக்டை முடிக்காமல் வரக்கூடாது என்று நான் அதட்டுவேன். இவருக்குத் தெரிந்தால் அன்றைக்கே வரச் சொல்லிவிடுவார். அதனால் சொல்லவில்லை.

ஆனால் அந்த மனிதனுக்குக் காதுதான் போயிருந்தது, கண் போகவில்லை.

"ஏட்டி, பத்து நிமிசம் உனக்க வாய் அசைஞ்சுது. எனக்கு வாறது ரெண்டு வார்த்தையா? மிச்சத்தை நீயே தின்னுட்டியா?"

"மிச்சம் பொம்பளைப் பேச்சு."

"எனக்க பிள்ளைக்க சத்தத்தைக் கேட்டு எட்டு மாசமாச்சு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். தன் சத்தம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது.

அந்த எட்டு மாதத்தில் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மிஷினில் உயிர் இருந்ததே இல்லை. புதுக் கட்டை போட்டால் திங்கள், செவ்வாய் எல்லாம் காக்கைச் சத்தம் கேட்டே தீர்த்துவிடுவார். நிறுத்தி வையுங்கள் என்றால் கேட்கமாட்டார். நானும் வெள்ளிக்கென்று ஒன்று வாங்கி வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் அப்படிச் சொன்ன வாரம் ஒரு கல்யாண வீட்டில் போட்டோ எடுக்க வந்தவனைப் பார்த்தேன். பிளாஷில் இருந்து நாலு கட்டையைக் கழற்றி, சுவரில் சொருகியிருந்த சார்ஜரில் போட்டான். எங்கள் தெருப் பையன்தான். இது என்ன என்று கேட்டேன்.

"சார்ஜ் ஏத்துற கட்டை சித்தி. தீந்தா திரும்ப ஏத்தலாம். நூறு தடவைக்கு மேல வரும்."

மறுநாள் மீன் விற்று முடித்த கையோடு வடசேரிச் சந்தைக்குப் போனேன். சாமான் பரப்பி வைத்திருந்த ஒருவன் அட்டையை நீட்டினான்.

"பாருங்கக்கா, நாலாயிரத்து எழுநூறு போட்டிருக்கு. மத்ததெல்லாம் ரெண்டாயிரம்தான். எண்ணு கூடுனா சத்து கூடும்."

விலையும் மற்றதில் பாதிதான். சார்ஜரோடு வாங்கி வந்து, ராத்திரி முழுக்க ஏற்றிப் போட்டேன். ரெண்டே நாளில் செத்தது. அதுவும் பழைய கட்டை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக அல்ல. பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அறுந்தது.

கடற்கரைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது நீர்த்துப்போனாலும் வெயிலில் போடுவோம். மீனை, வலையை, பாயை. தீர்ந்த டார்ச் கட்டையை வெயிலில் போட்டால் இன்னும் ரெண்டு நாள் எரியும், அது உண்மைதான். அதனால் இந்தக் கட்டைகளையும் கடற்கரையில் நெத்திலி காய்ந்த பாயின் ஓரத்தில் வரிசையாக வைத்தேன். மணல் கொதித்தது. காக்கைக்குக் காவலாக நான் ஓலை நிழலில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளியாக மினுங்கும் மீன், அதன் ஓரத்தில் வெள்ளியாக மினுங்கும் கட்டை. கண் கூசி, கொஞ்ச நேரத்தில் எது மீன், எது கட்டை என்று தெரியவில்லை. எட்டு மாதச் சத்தமும் அதற்குள் ஊறி ஏறிக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு. அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

எழுப்பியது அந்தப் போட்டோக்காரன் சிரித்த சிரிப்பு.

"சித்தி, கட்டையைக் கருவாடு போடுதியளா?"

"சிரிக்காதல, பல்லு தெறிச்சிரும். நீ சொல்லித்தானே வாங்குனேன்."

"இதையா வாங்கச் சொன்னேன்? கையில எடுத்துப் பாருங்க." தன் பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்து என் இடது கையில் வைத்தான். ரெண்டாயிரம் என்று போட்டிருந்தது. என்னுடையதை வலது கையில் வைத்தான். "இப்பச் சொல்லுங்க."

என்னுடையது காற்று மாதிரி இருந்தது. அவனுடையது கனத்தது. இந்த அளவுக் கட்டை நாலாயிரத்தைத் தொடவே தொடாதாம், அச்சடிக்கிறவன் என்ன வேண்டுமானாலும் அடிப்பானாம். வெயில் சூடு இதைக் கொல்லவே செய்யுமாம்.

எனக்கு வந்த கோபம் கடைக்காரன் மேல் அல்ல. முப்பது வருஷம் மீன் தூக்கி விற்ற கை இது. குடல் வற்றிய மீனைத் தூக்கியதுமே சொல்லிவிடுவேன். அந்தக் கையை மடியில் கட்டிவைத்துவிட்டு, அட்டையில் எவனோ அடித்த எண்ணை நம்பியிருக்கிறேன்.

நாகர்கோவிலில் கேமரா சாமான் விற்கும் கடைக்குப் போனேன். அட்டையைப் பிரிக்காமலே ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பார்த்தேன். கடைக்காரர் முறைத்தார். நானும் முறைத்தேன். எண் குறைந்த, கனம் கூடிய ஜோடி ஒன்றை எடுத்தேன். சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்காத வகை என்றார். அதுதான் எனக்கு வேண்டியது. ஒன்று மிஷினில் ஓடும், மற்றது வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கும். சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் வேண்டுமா என்று கேட்டார். வருஷத்துக்கு ஒரு கட்டை தின்கிற சாமானுக்கு இது எதற்கு, சாதாரணக் கட்டை போதும் என்றேன். அதற்குள் எனக்கும் கொஞ்சம் விவரம் வந்திருந்தது.

வெள்ளிக்குரியதில் மகள் விட்டுப்போன நகப்பாலிசால் சிவப்புப் புள்ளி வைத்தேன். கரண்டு இருக்கும் நேரம் பார்த்து ஏற்றினேன். சார்ஜரின் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது, தூரத்து வள்ளத்தின் விளக்கு மாதிரி.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்குக் கட்டையை அவர் கையில் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது, நாளைக்குப் பார்க்கலாம் என்று. ஆனால் கொடுத்தேன். போன் அடித்ததும் அவரே எடுத்தார். அந்த மிஷினுக்குக் காது சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதனால் போனை நெஞ்சோடு சேர்த்து வைத்தார், கைக்குழந்தையை அணைக்கிறது போல.

"அம்மா" என்று மகள் தொடங்கினாள். வழக்கம்போல அழுதாள். எனக்கே கேட்டது. அவர் தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, முழுதையும் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது போனை வாய்க்குக் கொண்டுபோனார்.

"மக்கா, அப்பன்தான். அழு. எனக்கு நல்லாக் கேக்கு."

திரும்ப நெஞ்சில் வைத்தார். பிறகு அவள் "அப்பா" என்றாள். அவ்வளவு மெல்லிய சொல்லுக்கு அந்தப் பெரிய உடம்பு ஆடியது.

மிச்சத்தைக் கேட்க நிற்காமல் நான் முற்றத்துக்கு இறங்கினேன்; முடிந்ததும் கூப்பிட்டார். வரச் சொல்லிவிட்டாரா என்று கேட்கத்தான் உள்ளே போனேன்.

"வரட்டான்னு கேட்டா. எப்பம் வேணும்னாலும் வா மக்கான்னு சொன்னேன். அடுத்த வெள்ளிக்குப் பாத்துச் சொல்லுதேன்னா." மிஷினைத் திறந்து சிவப்புப் புள்ளிக் கட்டையைக் கழற்றினார். "இதை இனி நான் ஏத்திக்கிடுவேன். நீ தொடாதே."

நான் தொடவில்லை.