பால்கனியில் கட்டிய பெயர்

வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் அட்டையின் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு ஹருகோ ஆன்ட்டியின் நினைவு வந்துவிடும். அமெரிக்காவின் பே ஏரியாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த அபார்ட்மென்டில் புல்தரை கிடையாது என்பதால், மற்ற தெருக்களில் வீட்டுக்கு முன்னால் நட்டுவைக்கும் அவருடைய பெயர் போட்ட தேர்தல் விளம்பர அட்டையை எங்கள் தமிழ்க் குடும்பங்கள் பால்கனிக் கம்பியில், கறிவேப்பிலைத் தொட்டிக்கு மேலே, கயிறு போட்டுக் கட்டின. பிள்ளைகள் நாங்கள் அதற்கு வைத்த பெயர் "பால்கனி போர்டு".

எங்கள் ஊர் நகரசபைக்குத் தேர்வான முதல் ஜப்பானிய வம்சாவளிப் பெண் அவர். யாரும் சொல்லாமலே வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்த முதல் அமெரிக்கரும் அவர்தான் என்பதால் அம்மாவுக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போனது. நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டிப் பள்ளிக்குப் போன பெரிய சாலையில் ஒரு சிக்னல் வேண்டும் என்று சபையில் விடாமல் கேட்டவர் அவர் ஒருவர்தான். மறுமுறை போட்டியிட்டபோது வீடுவீடாக வந்து, "உங்கள் ஓட்டு எனக்குத்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லா வீட்டிலும் காபி கொடுத்து "ஷ்யூர், ஷ்யூர்" என்றார்கள். தலையாட்டுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எங்கள் கட்டடத்தில் ஒருவருக்குக்கூட ஓட்டு கிடையாது.

"கிரீன் கார்டே வரல, ஓட்டுக்கு எங்க போறது? அதுக்காக வீடு தேடி வந்தவங்ககிட்ட இல்லைன்னா சொல்ல முடியும்?" என்றாள் அம்மா. பால்கனி முழுக்கத் தன் பெயரைப் பார்த்த ஆன்ட்டி, இந்தப் பக்கம் கவலையில்லை என்று நம்பிவிட்டார். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்.

தோற்ற பிறகும் நன்றி சொல்ல வந்தவரிடம் அப்பா தலைகுனிந்தபடி உண்மையைச் சொன்னார். ஆன்ட்டி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஜப்பானிலிருந்து வந்த என் அம்மாவையும் இந்த நாடு பல வருஷம் குடிமகளாக ஏற்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு ஓட்டு இருக்கிறதா என்று நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்," என்றார். அவர் திட்டியிருந்தால் எங்களுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அதன்பின் அவர் தேர்தலில் நிற்கவே இல்லை.

இப்போது அந்த அபார்ட்மென்டை இடித்துவிட்டார்கள், ஆன்ட்டியும் காலமாகிவிட்டார். சாலையில் சிக்னல் இன்னும் வரவில்லை. குடியுரிமை கிடைத்து, போன தேர்தலுக்குத்தான் அப்பாவுக்கு முதன்முதலாக ஓட்டுச் சீட்டு தபாலில் வந்தது. சாப்பாட்டு மேஜையில் அதை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் படித்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"யாரைப்பா தேடறீங்க?" என்றேன்.

"அவங்க பேர் இருக்காதுன்னு தெரியும்மா," என்றார் அப்பா. "இருந்தாலும் பார்த்தேன்."