கொழுந்துச் சாமியாக நின்ற கேமரா

எழுபதுகளின் தொடக்கத்தில், இலங்கையின் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. தொழிலாளர்கள் தங்கள் வரிசை வீடுகளான லயங்களில் பட்டினி கிடந்த காலம். அதைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டியே தீருவது என்று, சாவி முறுக்கி ஓட்டும் கேமராவோடு போயிருந்தேன். அனுமதி கிடையாது; கேட்டிருந்தாலும் தோட்டத்தை நிர்வகித்த துரை கொடுத்திருக்க மாட்டார்.

அன்று அந்த மலையில் முதல் கொழுந்து எடுக்கும் நாள். கொழுந்துச் சாமிக்குப் பூசை வைக்க, கொழுந்து பறிக்கும் பெண்கள் குங்குமம், திருநீறு, பூமாலை எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். நான் கேமராவை அதன் மூன்று காலில் நிறுத்திக் கோணம் பார்க்கும்போது கீழே ஜீப் சத்தம். துரை! பிடிபட்டால் என் படச்சுருள் போகும். என்னை உள்ளே விட்ட குற்றத்துக்கு அந்தப் பெண்களின் வேலையும் போகும்.

அவர்களில் வாயாடியான ஒரு அக்காதான் முந்திக்கொண்டார். "சட்டையக் கழட்டுங்க தம்பி, நீங்கதான் பூசாரி!" கண் மூடித் திறப்பதற்குள் கேமராவுக்குச் சிவப்புத் துணி சுற்றி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டாயிற்று. "சாமிக்குக் கண்ணு தெரியணும்ல" என்று லென்ஸை மட்டும் மூடாமல் விட்டார். இறுக்கிக் கட்டியதில் பொத்தான் அமுங்கி, சாமி கிர்ரென்று ஓடத் தொடங்கிவிட்டது. எனக்குப் பாதி உயிர் போயிற்று. பெண்களோ அந்தச் சத்தம் வெளியே கேட்காதபடி மலை அதிரக் குலவை போட்டார்கள்.

துரை வந்து நின்றார். "என்ன இது, புது சாமியா?"

"ஆமாங்க தொரை. பொல்லாத சாமி, கிட்ட வராதீங்க!" என்றார் அக்கா.

சாமி விஷயத்தில் கைவைத்தால் ஒருவரும் வேலைக்கு இறங்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றி, என் கேமராவுக்குத் தலை குனிந்தார். மேடை மேடையாகப் பகுத்தறிவு பேசிய நான், அவர் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினேன்! ஜீப் மறைந்ததும் சிரித்த சிரிப்பில் எல்லோருக்கும் வயிறு வலித்தது.

சுருளைக் கழுவிப் பார்த்தால், துரை கும்பிடும் காட்சி பளிச்சென்று விழுந்திருந்தது. அவர் தோட்டத்தைவிட்டுப் போன பிறகே அதைப் படத்தில் சேர்த்தேன். பதுளையில் திரையிட்டபோது விசில் பறந்தது. முன்வரிசையில் இருந்த அக்கா, "இது தம்பி எடுத்ததில்ல, நம்ம சாமி எடுத்தது!" என்று சத்தமாகவே சொன்னார்.

பிறகு எத்தனையோ இடங்களில் படமெடுத்தேன், சில இடங்களில் துரத்தவும்பட்டேன். அந்தக் குங்குமக் கறை மட்டும் கேமராவில் இன்னும் இருக்கிறது. சாமி கும்பிடாத எனக்கு அதைத் துடைக்க மனம் வருவதில்லை. தங்கள் ஒருவேளைக் கஞ்சியையும் பணயம் வைத்து என்னைக் காப்பாற்றியவர்கள் வைத்த பொட்டு அது.