கறுப்பு மணலில் சிவப்பு லேஞ்சி

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் எங்கள் கரை நிறம் மாறும். கடல் வந்து வெள்ளை மணலை வாரி வாரித் தின்னும். பாரமான கறுப்பு மணலைத் தின்ன முடியாமல் விட்டுவிட்டுப் போகும். காலையில் பார்த்தால் யாரோ கரையை எரித்துவிட்டுப் போனதுபோல இருக்கும். அந்த மாதங்களில் அலை கரைக்கு வருவதில்லை, கரையின்மேல் விழும். பிள்ளைகள் தென்னைகளைத் தாண்டக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். எனக்கு அந்தச் சட்டமே தேவைப்படவில்லை. கறுப்பைக் கண்டாலே வீட்டுக்குத் திரும்பி ஓடிவிடுவேன்.

அந்த வருடம் இத்தாலியிலிருந்து மாமா வந்திருந்தார், அம்மாவின் தம்பி. கழுத்தில் கமரா, காலில் சப்பாத்து, எனக்கென்று ஒரு சிவப்புப் பட்டு லேஞ்சி. லேஞ்சி என்றால் கைக்குட்டைதான், ஆனால் இதை விரித்தால் என்னையே சுற்றிக் கட்டலாம். பிறந்ததிலிருந்து மிதித்த மணலை மாமா அன்றைக்குத்தான் கண்டவர்போல நின்றார்.

"அங்க நான் வேலை செய்யிற பக்கம் நெருப்பு மலை இருக்கு, அக்கா. அது கக்கின கல்லுத் தேஞ்சு கரையெல்லாம் இப்பிடித்தான் கறுப்பு. வெள்ளைக்காரன் காசு குடுத்துப் பாக்க வாறான்."

"இங்க சும்மாதானே கிடக்கு, ஆசை தீரப் பாரு," என்றாள் அம்மா, தேங்காய் துருவியபடி.

அவளுக்கு அது பகிடி. எனக்கு அன்றிலிருந்து எங்கள் மணலுக்கு அடியிலும் ஒரு மலை படுத்திருந்தது. வெயிலில் கால் சுட்டால், அது மூச்சு விடுகிறது.

வீடு தேடி வந்த மச்சானுக்குக் கருவாட்டைக் கொடுப்பதா என்று அப்பா, சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு விடியமுன் கடலுக்குப் போயிருந்தார். சோளகத்தில் போவதைவிடத் திரும்புவதுதான் பாடு. அலை உடையும் இடத்துக்கு வெளியே படகு காத்து நிற்கும். படகில் இருப்பவனுக்கு அலையின் முதுகுதான் தெரியும். அதன் முகம் கரையில் நிற்பவனுக்குத்தான் தெரியும். பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓய்ந்ததும், கரையில் காவல் நிற்கும் பெரியப்பா தலைச்சீலையை அவிழ்த்து உயர்த்திக் காட்டுவார். சீலை உயர்ந்தால் வரலாம். உயராவிட்டால் மத்தியானமானாலும் நிற்கவேண்டியதுதான்.

அன்று பெரியப்பா சீலையை அவிழ்க்காமல் கடலைப் பார்த்துக் குந்தியிருந்தார். மாமா என்னை அவருக்கு எட்டத்தில், கறுப்பு நன்றாக விரிந்த இடத்துக்குக் கூட்டிப் போனார்.

"கடலுக்கு முதுகைக் காட்டி நில்லு, பிள்ளை. லேஞ்சியை மேல பிடி, காத்து இழுக்கட்டும். கறுப்புக்குச் சிவப்புத்தான் எடுப்பு."

கடலுக்கு முதுகைக் காட்டுவது. அதைவிடப் பயங்கரமான ஒன்றை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பின்னால் அது உறுமுகிறது, எழும்புகிறது, எழும்பியபடி ஒரு கணம் பேசாமல் நிற்கிறது. அந்தப் பேசாமைதான் தாங்க முடியாதது. விழுந்த தண்ணீர் திரும்பும்போது குதிக்கால்களுக்கு அடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போகும். மலை என்னை உள்ளே இழுக்கிறது.

"மாமா, அலை வருது."

"வரட்டும். அதைத்தானே எடுக்கிறேன். சிரி."

லேஞ்சியை விட்டால் நான் போய்விடுவேன் என்று, இரண்டு கையாலும், எட்டக்கூடிய உயரத்துக்கெல்லாம் பிடித்தேன்.

மாமா கமராவை இறக்கினார். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் கடலைப் பார்த்தார். இந்தக் கரையில் வளர்ந்த மனிதர். இத்தாலி மறக்கடித்திருந்த ஏதோ ஒன்று அந்தக் கணத்தில்தான் அவருக்குத் திரும்பி வந்ததுபோல வாய் திறந்திருந்தது. பெரியப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார். கத்தினார், சத்தம் வரவில்லை. நான் திரும்பினேன். அலையின் உச்சியில் எங்கள் படகு. மூக்கு கீழே பார்த்தது. பிறகு அலைதான் இருந்தது.

எவ்வளவு நேரமோ. உடம்பெல்லாம் கறுப்பு மணல் அப்பியபடி அப்பா சித்தப்பாவை இழுத்துக்கொண்டு ஊர்ந்து வந்தார். சித்தப்பாவின் கால், மூட்டே இல்லாத இடத்தில் மடிந்திருந்தது. ஊர் கூடிவிட்டது. அம்மா வந்ததும் முதல் வேலையாக லேஞ்சியை என் கையிலிருந்து பிடுங்கி இடுப்பில் செருகினாள்.

"ஆரு சீலை காட்டினது?" என்றார் பெரியப்பா. "நான் காட்டயில்லை."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முந்திக்கொண்டார்.

"ஒருத்தரும் காட்டயில்லை. பொறுக்க ஏலாம நானாத்தான் படகை விட்டேன்."

"முப்பது வருசம் கடலுக்குப் போறவன் செய்யிற வேலையா?"

"ஓம். புத்தி கெட்டுப் போச்சு."

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் சோளகம் முடிந்தும் அப்பாவோடு கடலுக்கு இறங்க ஒருவரும் வரவில்லை. பொறுமை இல்லாதவனோடு எப்படிப் போவது என்று கதை. அவர் வேறு ஆட்களின் வலையைத் தைத்துக்கொண்டு தென்னைகளுக்கு இந்தப் பக்கம், பிள்ளைகளைப்போல இருந்தார்.

நான் அவரோடு பேசாமல் இருந்தேன். அவ்வளவு பயத்திலும் அவ்வளவு உயரத்துக்குப் பிடித்திருந்தேன், அவ்வளவு சிவப்பு. அதை அப்பா பார்க்கவேயில்லையாம்.